நிக்கோடீமஸ், கன்சாஸ்: பதினான்கு பேர் மட்டும் வாழும் இடத்தை ஊர் என்று சொல்லலாமா?

"அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நிக்கோடீமஸ் என்று ஒரு கறுப்பினக் கிராமம் இருக்கிறதாம், அங்கே இப்போது வெறும் 14 பேர்தானாம். நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த ஊர் ஏன் இப்படி ஆனது? 14 பேருக்காக அரசு ஏன் செலவு செய்து அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக வைத்திருக்கிறது? போனால் பார்க்க ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்று என்றாலும் அடியில் இருப்பது ஒன்றே: இது தோற்றுப்போன ஊர்தானே, தோற்றுப்போன ஊரை ஏன் பாதுகாக்க வேண்டும்? தோற்றுப்போன ஊர் அல்ல என்பதே என் பதில். அதைச் சொல்ல நிலத்தில் தொடங்கி ரயில் பாதை வழியாகக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

மானாவாரி நிலத்தில் மழைநீரை எப்படிப் பிடித்துவைப்பது என்பது என் படிப்பு. மேற்குக் கன்சாஸின் கோதுமை வயல்களில் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆகவே மண், மழை, விளைச்சல் பற்றி இங்கே வருவதெல்லாம் என் தொழில் அறிவு. ஊரின் வரலாறு அப்படியல்ல. அது ஆவணங்களிலிருந்தும், அந்த ஊரின் வழித்தோன்றல்கள் பொதுவெளியில் சொல்லி வந்ததிலிருந்தும் எடுத்துக்கொண்டது. நான் அந்த ஊர்க்காரன் அல்ல. அவர்களுடைய நினைவுகளுக்கு அவர்களே உரிமையாளர்கள்.

முதலில் அந்த 14 என்ற எண்ணைப் பார்த்துவிடுவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளியான எண் அது. அதை நிறுத்துப் பார்த்த தங்கம்போல எடுத்துக்கொள்ளாதீர்கள். தனிமனிதர் விவரம் வெளியே கசியக்கூடாது என்பதற்காக, 2020-இல் கணக்கெடுப்பு அலுவலகம் மாநில மொத்தத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள ஊர்க் கணக்குகளில் வேண்டுமென்றே சிறு மாற்றங்களைக் கலந்து வெளியிட்டது. பெரிய நகரத்தில் இது கண்ணுக்கே தெரியாது. குட்டி ஊர்களில் தெரியும். நெப்ராஸ்காவின் மோனோவியில் ஒரே ஒரு மூதாட்டிதான் குடியிருந்தார். வெளியான கணக்கு இரண்டு பேர் என்றது. எனவே நிக்கோடீமஸில் பத்துப் பதினைந்து பேர் அளவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நிக்கோடீமஸ் நகராட்சியாகப் பதிவான ஊர் அல்ல. மேயர் கிடையாது, சட்டப்படியான ஊர் எல்லை கிடையாது. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் குடியிருந்துகொண்டு தங்களை நிக்கோடீமஸ்காரர்கள் என்று சொல்லிக்கொள்வோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

ஊர் பிறந்த ஆண்டு 1877. உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குக் காவலாக இருந்த மத்திய அரசுப் படைகள் அந்த ஆண்டில்தான் திரும்ப அழைக்கப்பட்டன. நிக்கோடீமஸின் முதல் குடிகள் பெரும்பாலும் கென்டக்கி மாநிலத்தவர்கள், லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கென்டக்கி ஒன்றியத்தைவிட்டுப் பிரியாத மாநிலம் என்பதால் பிரிந்துபோன மாநிலங்களை மட்டும் குறித்த லிங்கனின் 1863 அடிமை விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லுபடியாகவில்லை. 1865 டிசம்பரில் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அங்கே கடைசி அடிமையின் விலங்கு கழன்றது. அதன் பிறகும் சொந்த நிலம் கிடைக்கவில்லை. குத்தகை கிடைத்தது, கடன் கிடைத்தது, இரவில் குதிரையேறி வந்து மிரட்டும் கும்பல் கிடைத்தது.

இன்னொரு பக்கம், 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டம் இருந்தது. ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர்செய்தால் 160 ஏக்கர் அரசு நிலம் கிட்டத்தட்ட பதிவுக் கட்டணத்துக்கே சொந்தமாகும். வாங்குபவரின் தோலின் நிறத்தை அந்தச் சட்டம் பார்க்கவில்லை. இதை அடித்தளமாக வைத்து 1877 ஏப்ரலில் நிக்கோடீமஸ் டவுன் கம்பெனி உருவானது. ஏழு பேர். ஆறு பேர் கறுப்பினத்தவர், ஒருவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை நில வணிகர். தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித், செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ என்ற போதகர். அமெரிக்காவின் கறுப்பினக் குடிமக்களுக்கு என்று விளித்துத் துண்டறிக்கை அச்சிட்டு அனுப்பினார்கள். வளமான மண், நல்ல நீர், நல்ல தட்பவெப்பம் என்று அதில் இருந்தது. மண்ணைப் பற்றிச் சொன்னது உண்மை. மற்றவற்றைப் பற்றிக் கீழே வருகிறேன்.

1877 செப்டம்பரில் முந்நூறு பேர் அளவிலான பெரிய குழு ரயிலில் எல்லிஸ் என்ற நிலையத்தில் வந்து இறங்கியது. அங்கிருந்து நிக்கோடீமஸ் ஏறக்குறைய 35 மைல். சாலை இல்லை. கையில் குழந்தை, தலையில் மூட்டை, கிடைத்த ஓரிரண்டு வண்டியில் கிழவர்கள் என்று இரண்டு நாள் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஊர் இல்லை. மரம் அநேகமாக இல்லாததால் வீடு இல்லை. முன்னால் வந்தவர்கள் மேட்டுச் சரிவைக் குடைந்து அந்தக் குழிகளுக்குள் இருந்தார்கள். 1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற போதகர் மனைவியின் நினைவுக்குறிப்பு மிகவும் பெயர்பெற்றது. ஆண்கள் "அதோ நிக்கோடீமஸ்" என்று கூவினார்கள், தான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை, தரையிலிருந்து புகை எழும் இடங்களைக் காட்டி அதுதான் ஊர் என்றார்கள், மக்கள் மண்ணுக்குள் குடியிருப்பதைக் கண்டு அழத் தொடங்கினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய அறுபது குடும்பங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவர்கள் ஹில்லைத் தேடிப் போனார்கள், அவர் ஒளிந்து தப்பினார் என்று ஊரார் சொல்வதுண்டு. நிக்கோடீமஸ் இருக்கும் கிரேயம் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) தலைநகர் இன்று ஹில் சிட்டி என்று அவர் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது.

திரும்பிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நிலத்தைத் தெரிந்தவர் எவரும் சொல்லமாட்டார்கள். கிரேயம் கவுண்டியின் மேற்குப் பகுதி வழியாக 100 பாகை மேற்குத் தீர்க்கரேகை ஓடுகிறது. அமெரிக்க வேளாண்மையில் அது சாதாரணக் கோடு அல்ல. அதற்குக் கிழக்கே பொதுவாக மழையை நம்பிப் பயிர் வைக்கலாம். மேற்கே போகப் போக நம்பமுடியாது. நிக்கோடீமஸ் பக்கத்தில் ஆண்டு மழை சராசரியாக 55 முதல் 60 சென்டிமீட்டர். கேட்க மோசமில்லை என்று தோன்றும். ஆனால் கோடைக் காற்றும் வெயிலும் சேர்ந்து அதைவிடப் பல மடங்கு நீரை ஆவியாக உறிஞ்சக்கூடியவை. அதோடு, சராசரி என்பது இங்கே அபூர்வமாக வரும் ஆண்டு. இரண்டு ஆண்டு கொட்டும், மூன்று ஆண்டு காயும். 1870-களில் இந்தச் சமவெளிக்கு ஆள் சேர்த்தவர்கள் உழவு போனால் மழை பின்னால் வரும் என்றே நம்பவைத்தார்கள். அறிவியலில் அதற்கு ஆதாரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மண் மட்டும் அருமை. காற்று கொண்டுவந்து படியவைத்த மென்வண்டல். ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கும்படியாக 15 சென்டிமீட்டருக்குமேல் நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் 1878-இல் அந்த மண்ணை அடைய, பல நூற்றாண்டுப் புல்வேர் பின்னிக் கிடந்த மேல்தோலைக் கிழிக்கவேண்டும். மற்ற இடங்களில் அதற்கென்றே செய்த கனத்த கலப்பையும் பல ஜோடி எருதும் வைத்துக் கிழித்தார்கள். நிக்கோடீமஸில் முதல் வசந்தத்தில் மொத்தக் குடியேற்றத்துக்கும் மூன்று குதிரைகள்தான் இருந்தன என்று பதிவுகள் சொல்கின்றன. மீதிப் பேர் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் கொத்தினார்கள். ஓர் ஆள் ஒரு பருவத்தில் கையால் எவ்வளவு கொத்தமுடியும் என்று மண்ணில் வேலைசெய்த எவருக்கும் தெரியும். சில ஏக்கர்கூடத் தேறாது. அந்தச் சில ஏக்கரிலிருந்து குடும்பத்துக்கு உணவு வரவேண்டும், அடுத்த ஆண்டுக்கு விதையும் வரவேண்டும். ஆண்கள் ரயில்பாதை வேலைக்கும் தூரத்துப் பண்ணைக் கூலிக்கும் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் வறட்டியாய்க் காய்ந்த காட்டெருமைச் சாணத்தையும் சூரியகாந்தித் தண்டையும் எரிக்கப் பொறுக்கினார்கள். சமவெளியில் சிதறிக் கிடந்த காட்டெருமை எலும்புகளைச் சேர்த்து விற்றார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த ஊர் எழுந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஊர் தொடங்கிய சில மாதங்களிலேயே குழிவீட்டில் பள்ளி நடந்தது. பள்ளிகளை நடத்தக் கவுண்டியில் வகுத்த பிரிவுகளில் ஒன்றாம் எண்ணைப் பெற்றது நிக்கோடீமஸ்தான். சக்கரி ஃப்ளெட்சர் அஞ்சல் நிலையம், குதிரை லாயம், செயின்ட் பிரான்சிஸ் விடுதி என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார். அவர் மனைவி ஜென்னி பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைத்ததால் கல் கட்டடங்கள் வந்தன. 1880-களின் நடுவில் கடைகள், விடுதிகள், தேவாலயங்கள் எல்லாம் இருந்தன. 1886-இல் வெஸ்டர்ன் சைக்ளோன் என்ற செய்தித்தாள் வந்தது, மறு ஆண்டு இரண்டாவது தாளும் வந்தது. வெள்ளை வணிகர்கள் சிலரும் கடை வைத்து அங்கே வாழ்ந்தார்கள். இங்கிருந்து போனவர்தான் எட்வர்ட் மெக்கேப். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, சிகாகோவில் எழுத்தராக இருந்து, 1878-இல் நிக்கோடீமஸுக்கு வந்தவர். கவுண்டி எழுத்தரானார். 1882-இல் கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1884-இல் மறுபடியும். அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகூட ஆகாதபோது, பெரும்பான்மை வெள்ளையர் வாக்களித்த ஒரு மாநிலத்தின் கணக்குப் புத்தகம் கறுப்பினத்தவர் ஒருவர் கையில் இருந்தது. மண்ணைக் குடைந்து குடியிருந்த ஊர் ஐந்தே ஆண்டில் அப்படி ஒருவரை மாநிலத் தலைநகருக்கு அனுப்பியது.

பிறகு ரயில். சமவெளி ஊர்களின் தலையெழுத்து அந்தக் காலத்தில் ரயில் பாதையில்தான் இருந்தது. கோதுமையைக் குதிரை வண்டியில் முப்பது மைல் இழுத்துப் போனால் விற்ற பணம் இழுத்த கூலிக்கே சரியாகிவிடும். 1887-இல் நிக்கோடீமஸ் வாக்காளர்கள் மிசூரி பசிபிக் ரயிலைத் தங்கள் ஊர் வழியாகக் கொண்டுவர 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். பத்து ஆண்டுக்கு முன் மண்வெட்டியோடு நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். மிசூரி பசிபிக் வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் பாதை போட்டது, ஆனால் சாலமன் ஆற்றின் தெற்குப் பக்கமாக, ஐந்தாறு மைல் தள்ளி. பாதை போட்டவர்களின் முகாம் இருந்த இடம் போக் என்ற ஊராயிற்று. நிக்கோடீமஸ் கடைக்காரர்கள் சரக்கை மட்டுமல்ல, சில இடங்களில் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். மெக்கேப்பும் கன்சாஸை விட்டு ஓக்லஹோமாவுக்குப் போய் லாங்ஸ்டன் என்ற ஊரை உருவாக்கினார்.

நிறவெறியால்தான் ரயில் விலகிப் போனதா என்று பலர் கேட்பார்கள். கிடைத்த ஆவணங்களை வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ரயில் நிறுவனங்கள் வெள்ளை ஊர்களையும் இப்படித்தான் ஆசைகாட்டிக் கைவிட்டன. சமவெளி முழுக்க அப்படிச் செத்த ஊர்கள் நிறைய. ஒரு வேறுபாடு மட்டும் உண்மை: கைவிடப்பட்ட வெள்ளை ஊர்க்காரர் பக்கத்து ஊருக்குப் போய் யாரும் கேள்வி கேட்காமல் கலந்துவிடலாம். நிக்கோடீமஸ்காரருக்கு அந்த வழி அவ்வளவு திறந்திருக்கவில்லை. அதனாலேயே கடைகள் போன பிறகும் விவசாயிகள் அங்கேயே நின்றார்கள் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்.

ரயில் போன கதையோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அது பாதிக் கதை. 1888-க்குப் பிறகும் அங்கே பல தலைமுறை வாழ்ந்தது. 1907-இல் பாப்டிஸ்ட் தேவாலயம் கட்டினார்கள், 1918-இல் புதிய பள்ளிக் கட்டடம். ஊரை உண்மையில் கரைத்தது 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும், அதற்குப் பின் வந்த கணக்கும். 1935-இல் ஊரில் மிஞ்சியவர்கள் 76 பேர். அஞ்சல் நிலையம் 1953-இல் மூடப்பட்டது. அதே பத்தாண்டுக்குள் பள்ளியும் மூடியது.

அந்தக் கணக்கை விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் "ஏன் இப்படி ஆனது" என்ற கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. 160 ஏக்கர் என்பது மழை வளமான கிழக்கைப் பார்த்து வாஷிங்டனில் எழுதிய எண். வறண்ட மேற்கில் மேய்ச்சலை நம்பி வாழும் குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் தேவை என்று, மேற்கை ஆய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அரசு கேட்கவில்லை. நிக்கோடீமஸ் அந்த அளவுக்கு வறண்ட இடம் அல்ல, ஆனாலும் 160 அங்கே போதாது. இன்று அந்த வட்டாரத்தில் பரவலாக நடக்கும் சுழற்சி மூன்று ஆண்டில் இரண்டு பயிர். இலையுதிர் காலத்தில் விதைத்த குளிர்காலக் கோதுமையை மறு ஆண்டு ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் அறுப்பார்கள். அடுத்த வசந்தத்தில் சோளம். பிறகு நிலத்தை ஏறக்குறைய ஓர் ஆண்டு தரிசாகப் போட்டு மழையை மண்ணுக்குள் சேமிப்பார்கள். உழுது போட்ட தரிசில் பெய்த மழையில் கால் பங்குகூட மண்ணில் தங்காது. அறுத்த பயிரின் அடித்தாளை அப்படியே விட்டு உழாமல் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தங்கும். இந்த ஒரு மாற்றம் வந்துசேரவே நூறு ஆண்டு பிடித்தது. முதல் குடிகளுக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. கென்டக்கியின் ஈரமண்ணில் புகையிலையும் சணலும் வளர்த்த கைகள் அவை.

இவ்வளவு அறிவும் கருவியும் வந்த பிறகு இன்று ஓரளவு நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 40 புஷல் கோதுமை கிடைக்கும், அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல். புஷல் ஐந்தரை டாலர் என்று வைத்தால் 220 டாலர். விதை, உரம், எரிபொருள், களைக்கொல்லி, இயந்திரத் தவணை எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும். 160 ஏக்கரில் ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குதான் கோதுமை என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்? ஒன்றுமில்லை. எனவே ஒருவர் பத்துப் பேர் நிலத்தைச் சேர்த்து உழுதால்தான் பிழைப்பு. கன்சாஸில் ஒரு பண்ணையின் சராசரி அளவே சுமார் 800 ஏக்கர் ஆகிவிட்டது, மேற்கே இன்னும் அதிகம். பண்ணை பெருத்தால் குடும்பங்கள் குறையும், குடும்பங்கள் குறைந்தால் பள்ளி மூடும், பள்ளி மூடினால் இளம் பெற்றோர் போவார்கள். கிரேயம் கவுண்டி முழுவதிலும் 1910-இல் எட்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2020-இல் 2,415. அதில் பெரும்பாலோர் வெள்ளையர். ரயிலைப் பெற்ற போக் ஊரிலும் இன்று நூற்றைம்பது பேர் அளவில்தான். ஆகவே நிக்கோடீமஸ் மட்டும் தோற்றது என்று சொல்வது நியாயமல்ல. அந்த நிலம் இந்தப் பொருளாதாரத்தில் இவ்வளவு பேரைத்தான் தாங்குகிறது.

இதோடு கறுப்பின விவசாயிக்கென்று தனிச் சுமை ஒன்றும் இருந்தது. இது ஆவணப்பட்டது, ஐயத்துக்கு இடமில்லை. 1920-இல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. வெள்ளை விவசாயிகளும் குறைந்தார்கள், இந்த விகிதத்தில் அல்ல. விதைக்கும் முன் கிடைக்கவேண்டிய அரசுக் கடன் அறுப்புக்காலம் நெருங்கும்போது கிடைத்தால் அது கடனே அல்ல. இப்படி வேளாண் துறை கடன் வழங்குவதில் நிறபேதம் காட்டியது என்று தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-இல் அரசு இழப்பீடு தர ஒப்புக்கொண்டு முடிந்தது. வறண்ட நிலத்தில் விவசாயம் என்பது மோசமான இரண்டு ஆண்டைக் கடனில் தாண்டி மூன்றாம் ஆண்டைப் பிடிப்பதுதான். அந்தக் கடன் ஒருவருக்குத் தாமதமாகி, வேலிக்கு அப்பால் இருப்பவருக்கு நேரத்தில் கிடைத்தால், பத்து ஆண்டில் யார் நிலம் யாரிடம் போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

நீங்கள் தேடிப் படிக்கும்போது எதிர்ப்படும் சில செய்திகளைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் உணவைப் பகிர்ந்துகொடுத்ததால்தான் ஊர் பிழைத்தது என்பார்கள். இது பல குடும்பங்களில் வழிவழியாக வரும் வாய்மொழி. நடந்திருக்கக்கூடியதுதான், நான் நம்புகிறேன், ஆனால் ஆவணத்தின் உறுதியோடு சொல்லும் செய்தி அல்ல. ரவுண்ட்ரீ எழுத்துப் படித்த குற்றத்துக்காக அடிமையாக இருந்தபோது கன்னத்தில் சூடு வைக்கப்பட்டார் என்பதும் அப்படித்தான். ஊர்ப்பெயர் விவிலியத்தின் நிக்கொதேமுவிடமிருந்து வந்ததா, தன்னைத் தானே விலைகொடுத்து மீட்ட ஓர் அடிமையைப் பற்றிய கதையிலிருந்து வந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இந்த மக்களை, தெற்கைவிட்டுக் கன்சாஸுக்குப் பெருங்கூட்டமாக வெளியேறிய 'எக்ஸோடஸ்டர்கள்' என்று எழுதுவது பெரும்பாலும் பிழை. அந்தப் பெருங்கூட்டம் மிசிசிப்பி, லூசியானா பக்கத்திலிருந்து 1879-இல் கிளம்பியது. நிக்கோடீமஸ்காரர்கள் இரண்டு ஆண்டு முன்பே திட்டமிட்டுக் குழுவாக வந்தவர்கள். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே எஞ்சியுள்ள ஒரே பழைய கறுப்பினக் குடியேற்றம் என்ற பட்டத்தையும் கொஞ்சம் கவனத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமாவில் பிற்காலத்துக் கறுப்பின ஊர்கள் இன்னும் இருக்கின்றன. உள்நாட்டுப் போருக்குப் பின், 1865-க்கும் 1877-க்கும் இடைப்பட்ட மறுசீரமைப்புக் காலத்தின் முடிவில் மேற்குச் சமவெளியில் எழுந்தவற்றில் நின்றது இது என்றால் சரியாக இருக்கும்.

இப்போது "அரசு ஏன் செலவு செய்கிறது" என்பதற்கு வருகிறேன். குடியிருப்பவர் பதினான்கு என்றாலும் அந்த ஊரைச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் டென்வர், டொபீகா, கன்சாஸ் சிட்டி, கலிபோர்னியா என்று பரவியிருக்கிறார்கள். சுற்றியுள்ள நிலத்தில் ஒரு பகுதி இன்னும் முதல் குடிகளின் பேரப்பிள்ளைகள் பெயரில் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டே அந்த நிலத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. வெரில் சுவிட்சர் நிக்கோடீமஸில் பிறந்து, 1954-இல் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துத் தேர்வில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியால் நாடளவில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டவர். பிறகு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பில் இருந்தவர். 2022-இல் இறந்தார். ஊரில் இருந்த குடும்ப நிலத்தை அவர் கைவிடவில்லை. ஜூலைக் கடைசியில் நடக்கும் ஊர்த்திரும்பல் விழாவுக்கு நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். அந்த விழாவின் வேர் 1834 ஆகஸ்ட் 1-இல் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடியதில் இருக்கிறது. ஊர் தொடங்கிய காலந்தொட்டு வறட்சியிலும் போரிலும் தொடர்ந்து நடந்துவருவது. எனக்குத் தெரிந்து, மக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் பல சமவெளி ஊர்களில் இப்படி ஒரு தொடர்ச்சி இல்லை.

பாதுகாப்பும் மேலிருந்து இறங்கியதல்ல. 1976-இல் ஊர் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1980-களின் இறுதியில் ஊரின் வழித்தோன்றலான ஏஞ்சலா பேட்ஸ் முன்நின்று நிக்கோடீமஸ் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் வாஷிங்டன்வரை போய்ப் பேசியதன் பயனாக 1996 நவம்பரில் காங்கிரஸ் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. அமெரிக்கா தன் மேற்குக் குடியேற்றத்தைச் சொல்லும்போது வெள்ளைக் குடும்பம், மூடுவண்டி என்று ஒரே படத்தையே காட்டிவந்தது. அதே சட்டத்தை நம்பி, அதே வறட்சியில், அவர்களைவிடக் குறைந்த கருவியோடு வந்து நின்றவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்குக் கல்லும் மண்ணுமாக இருக்கும் சான்று இது. ஊரில் எஞ்சியுள்ள ஐந்து பழைய கட்டடங்களைப் பராமரிக்க ஆகும் செலவை 14-ஆல் வகுத்துப் பார்ப்பதே தவறான கணக்கு என்பது என் கருத்து.

போனால் என்ன பார்க்கலாம்? ஊர் அமெரிக்க நெடுஞ்சாலை 24-இல், ஹில் சிட்டிக்குக் கிழக்கே இருக்கிறது. ஐந்து பழைய கட்டடங்கள் முக்கியம்: செயின்ட் பிரான்சிஸ் விடுதி, 1885-இன் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் தேவாலயம், பாப்டிஸ்ட் தேவாலயம், பள்ளி, 1939-இல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் சிறு உள்ளாட்சிப் பிரிவு) மண்டபம். பார்வையாளர் மையம் அந்த மண்டபத்தில்தான். முதலில் அங்கே போய்ப் பேசுங்கள், மற்றவை தானாக விளங்கும். எல்லாக் கட்டடமும் அரசுக்குச் சொந்தமல்ல, சிலவற்றில் ஆள் இருக்கிறார்கள், எனவே கேட்காமல் உள்ளே நுழையவோ வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவோ வேண்டாம். ஊருக்குள் அவசரத்துக்குக் கடை இருக்கும் என்று நம்பாமல் எரிபொருள், குடிநீர், சாப்பாடு எல்லாவற்றையும் ஹில் சிட்டியிலோ ஸ்டாக்டனிலோ முடித்துக்கொள்ளுங்கள். மையம் திறந்திருக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும்முன், இத்தலத்தைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு முறைதான் போகமுடியும் என்றால் ஜூலைக் கடைசி வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். கோதுமை அறுப்பு அப்போது முடிந்திருக்கும், தங்குவதற்கு அறை மட்டும் பல மாதம் முன்பே பிடித்துவைக்க வேண்டும்.